வெங்காய மூட்டை கொடுத்த பாயும் கையெழுத்துப் போட்ட மகனும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிற பீடோங் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. சுங்கைப்பட்டாணியைத் தாண்டி குரூண் போகிற பழைய சாலையில் கொஞ்சம் அசந்தால் ஊரைத் தாண்டிப் போய்விடலாம். தலைக்கு மேலே ஜெராய் மலை, சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் என்கிற வீடமைப்புப் பகுதி. பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அப்பா பால் வெட்டினார், அம்மா வெளிக்காட்டு வேலை பார்த்தார், நான் லயத்து வீட்டில் வளர்ந்தேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் தீமிதிக்கு ஆண்டுதோறும் டவுனில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் ஒருவரிடமிருந்து ஒரு மூட்டை வெங்காயமும் கொஞ்சம் பருப்பும் வந்துவிடும். காசு வாங்க மாட்டார். திருவிழா அன்று கோயில் வாசல் வரை வருவார், வேப்ப மரத்தடியில் நின்று தெரிந்தவர்களிடம் நலம் விசாரிப்பார், உள்ளே வர மாட்டார். அவருக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் சாமிக்குக் காட்டாமல் தனியாக மஞ்சள் பையில் எடுத்து வைத்திருப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். திருநீறு பூசச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை, அவரும் எங்களுக்குப் புத்தி சொன்னதில்லை.

எனக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். "பாய், எங்க சாமிக்கு நீங்க கொடுக்கலாமா? பாவம் இல்லையா?"

"சாமிக்கு யாரு கொடுத்தா தம்பி? சோறு திங்க வர்ற சனத்துக்குல கொடுத்தேன்" என்றார்.

இஸ்லாமிய மனிதநேயம் என்று இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்களே, அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மஞ்சள் பைதான். சமீபத்தில் இளைஞர்கள் சிலர் என்னிடம், "இஸ்லாத்துக்கும் மத நல்லிணக்கத்துக்கும் ஒத்துவருமா, ஜனநாயகத்தில் பெரும்பான்மை மதம் ஒன்று இருந்தால் மற்றவர்கள் கதி என்ன" என்று கேட்டார்கள். வாட்சாப்பில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் இந்து, மார்க்கம் கற்ற ஆலிம் இல்லை, வெளியிலிருந்து பார்க்கிறவன். ஆனால் இந்த நாட்டில் வெளியிலிருந்து பார்ப்பதற்கும் ஒரு இடம் வேண்டும் அல்லவா.

முதலில் சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மலாயில் 'புளூரலிஸ்மே அகாமா' என்று சொன்னால் சமய அதிகாரிகள் காதில் விழுவது, எல்லா மதமும் சரிசமமான உண்மை, எந்த வழியில் போனாலும் ஒன்றுதான் என்கிற இறையியல் கொள்கை. இந்தோனேசிய உலமா (மார்க்க அறிஞர்) மன்றம் 2005ல் இதற்கு எதிராக ஃபத்வா என்ற மார்க்கத் தீர்ப்பு கொடுத்தது, அடுத்த ஆண்டே நம் தேசிய ஃபத்வா குழு தாராளவாதச் சிந்தனையையும் அதோடு சேர்த்து இந்தக் கொள்கையையும் வழிதவறியது என்று முடிவு செய்தது. நாம் 'பன்மைத்தன்மை வேண்டும்' என்று சொல்லும்போது மனதில் நினைப்பது வேறு: என் கோயில் என் கோயிலாக இருக்கட்டும், உன் சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) உன் சூராவாக இருக்கட்டும், இரண்டு பேரும் ஒரே தாமானில் பயமில்லாமல் இருக்க வேண்டும். இந்தோனேசிய ஃபத்வா கூட இந்த இரண்டாவது அர்த்தத்தை மறுக்கவில்லை, பல மதத்தார் பக்கம் பக்கமாக வாழ்வது ஒரு நடப்பு என்று அதற்குத் தனிச் சொல் போட்டுப் பிரித்தே வைத்தது. நாம் ஒன்று சொல்ல அவர்களுக்கு வேறொன்று கேட்கிறது. பாதிச் சண்டை இதிலேயே போய்விடுகிறது.

பாய் எங்கள் அம்மனும் அவருடைய அல்லாஹ்வும் ஒன்று என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அப்படிச் சொல்லியிருந்தால் அது அவருக்குப் பொய்யாக இருந்திருக்கும். வெங்காயம் மட்டும் தவறாமல் வந்தது.

சரி, இந்த மனிதநேயத்துக்கு வேர் எங்கே? அமெரிக்காக்காரன் கொண்டுவந்து ஒட்டவைத்தது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 70ஆம் வசனத்தில், ஆதமுடைய பிள்ளைகளை நாம் கண்ணியப்படுத்தினோம் என்று இறைவன் சொல்வதாக வருகிறது. முஸ்லிம்களை என்றோ நம்பிக்கை கொண்டவர்களை என்றோ அங்கே இல்லை, ஆதமுடைய பிள்ளைகள் என்றால் எல்லாரும்தான், பால் வெட்டுகிறவனும் சேர்த்தி. 49:13ல் உங்களைப் பல இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது நீங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்று இருக்கிறது. 2:256 மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்கிறது. 10:99 நபியையே பார்த்து, மனிதர்கள் நம்பிக்கை கொள்ளும்வரை நீ அவர்களைக் கட்டாயப்படுத்துவாயா என்று கேட்கிறது. 5:48 இன்னும் ஒரு படி மேலே போய், இறைவன் நினைத்திருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான், ஆகவே நன்மை செய்வதில் போட்டி போடுங்கள் என்கிறது.

போர் பற்றிய வசனங்களும் இருக்கின்றன, ஒன்பதாம் அத்தியாயத்தில் கடுமையாகவே இருக்கின்றன, அதை மறைத்துவிட்டு எழுதினால் நேர்மையாக இருக்காது. எந்த வசனம் எந்த வசனத்தை ஆள்கிறது என்பதில்தான் ஆயிரம் ஆண்டு விவாதமே. பழைய உரையாசிரியர்களில் ஒரு சாரார் 'கட்டாயம் இல்லை' என்ற வசனம் பின்னால் வந்த போர் வசனங்களால் மாற்றப்பட்டுவிட்டது என்றார்கள். இன்னொரு சாரார் போர் வசனங்கள் அந்தந்தச் சண்டைக்கு உரியவை, பொது விதி முதலில் சொன்னதுதான் என்றார்கள். மனிதநேயர்கள் இந்த இரண்டாவது வரிசையில் நிற்கிறார்கள். வேதத்தை விட்டு வெளியேறிப் போய் அவர்கள் பேசவில்லை, அதற்குள்ளேயே உட்கார்ந்துதான் பேசுகிறார்கள்.

622ல் நபிகள் மதீனாவுக்குப் போன பிறகு அங்கிருந்த கோத்திரங்களோடு செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று, நபியின் வரலாற்றை எழுதிய இப்னு இஷாக் வழியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. பனூ அவ்ஃப் யூதர்கள் நம்பிக்கையாளர்களோடு சேர்ந்த ஒரு சமுதாயம், அவர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம்கள் மார்க்கம் என்று அதில் இருக்கிறது. பின்னால் மதீனாவின் யூதக் கோத்திரங்களோடு உறவு முறிந்து ரத்தக்களரியில் முடிந்தது என்பதும் வரலாறு. ஆனாலும் 2016 ஜனவரியில் மொரோக்கோவின் மராக்கேஷில் கூடிய நூற்றுக்கணக்கான அறிஞர்கள், முஸ்லிம் நாடுகளில் வாழும் சிறுபான்மையினருக்கு முழுக் குடியுரிமை வேண்டும் என்று அறிவித்தபோது இந்தப் பழைய ஓலையைத்தான் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது பத்தாம் நூற்றாண்டுப் பாக்தாத். யஹ்யா இப்னு அதீ என்று ஒரு கிறிஸ்தவர், பிழைப்புக்குப் புத்தகங்களைக் கையால் படி எடுத்துக் கொடுப்பவர். அவருக்கு ஆசிரியர் ஃபாராபி என்ற முஸ்லிம் தத்துவ அறிஞர். யஹ்யாவிடம் படித்த மாணவர்களிலோ முஸ்லிம்கள் இருந்தார்கள். யஹ்யா, மனிதர் எல்லாரும் ஒரே குலம், மனிதத்தன்மைதான் அவர்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது என்று ஒழுக்கம் பற்றிய தன் நூலில் எழுதினார். திருமூலரைப் படித்தவனுக்கு இது எங்கேயோ கேட்ட குரலாக இருக்கும். அதே காலத்து மிஸ்கவைஹ் என்ற பாரசீக முஸ்லிம், கிரேக்க அறிவையும் குர்ஆனையும் ஒரே மேசையில் வைத்து அறநூல் எழுதினார். அந்த மரபைத்தான் இருபதாம் நூற்றாண்டில் அல்ஜீரியாவில் பிறந்த முகம்மது அர்கூன் தோண்டி எடுத்து, பாருங்கள், நம்மிடமும் மனிதநேயம் இருந்தது என்று காட்டினார்.

இதற்குப் பக்கத்திலேயே சட்டத்துறையில் ஒரு பாதை ஓடியது. 1111ல் இறந்த இமாம் கஸ்ஸாலி, ஷரியா என்ற இஸ்லாமியச் சட்டத்தின் நோக்கமே ஐந்தைக் காப்பது என்றார்: மார்க்கம், உயிர், அறிவு, வம்சம், பொருள். பதினான்காம் நூற்றாண்டில் ஷாத்திபி இதை விரித்தார், நம் காலத்துக்குக் கிட்டத்தில் துனிசியாவின் இப்னு ஆஷூர் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் இந்த நோக்கங்களோடு சேர்த்துப் பேசினார். விதியைப் பார்க்காதே, விதி எதற்காக வந்தது என்று பார் என்கிற போக்கு இது. நம் நாட்டு அரசியல்வாதிகளும் இதை மேடையில் அடிக்கடி சொல்வார்கள். 2004க்குப் பிறகு பிரதமர் அப்துல்லா படாவி 'இஸ்லாம் ஹதாரி' (நாகரிக இஸ்லாம்) என்றார், 2023ல் பிரதமர் அன்வார் 'மடானி' என்றார். பெயர்ப்பலகைகள் நன்றாகத்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்க்காமல் மேலே போக முடியாது. பழைய இஸ்லாமிய அரசுகளில் முஸ்லிம் அல்லாதவருக்கு 'திம்மி' என்று பெயர், பாதுகாக்கப்பட்டவர் என்று பொருள். ஜிஸ்யா வரி கட்டினால் உயிரும் உடைமையும் வழிபாடும் காக்கப்படும். அந்தக் காலத்து ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 1492ல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியபோது அவர்களில் பலருக்கு இடம் கொடுத்தது ஒட்டோமான் பேரரசுதான். ஆனாலும் பாதுகாப்பு என்பது கொடுக்கிறவன் கையில் இருக்கிற பொருள். விருந்தாளிக்கு எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும் அடுப்பங்கரை அவனுடையது ஆகிவிடாது. ஒட்டோமான்களே 1856ல் ஜிஸ்யாவை எடுத்துவிட்டு எல்லாரையும் சமமாக நடத்துவோம் என்று ஆணை போட்டார்கள்.

திம்மி வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எனக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை, தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆண்டவர்கள் முஸ்லிம்கள் இல்லை, வெள்ளைக்காரத் துரைகள், அப்புறம் உள்ளூர்க் கம்பெனி மேனேஜர்கள். கோயில் கட்ட இடம் வேண்டுமா, கங்காணி துரையிடம் போய்க் கைகட்டி நிற்பார், துரை பிரம்பை நீட்டி 'அந்தா அந்த மேட்டில் கட்டிக்கொள்' என்பார். தீமிதிக்கு ஒரு நாள் லீவு, அதுவும் துரை மனசு. எல்லாம் வாய்ச்சொல். கிராண்ட் என்கிற நிலப் பட்டா கிடையாது, கடிதம் கிடையாது. நிலம் கம்பெனி பெயரில், கோயில் அம்மன் பெயரில்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது, மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், அதற்கும் பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நிலம் கைமாறிய மறுநாள் காலையில் நூறு வருடக் கோயிலுக்குப் பெயர் 'சட்டவிரோதக் கட்டடம்'. தீபகற்பம் முழுக்க எத்தனையோ தோட்டக் கோயில்களின் கதை இதுதான். நிலம் மாநில அரசின் அதிகாரம், இஸ்லாமிய சமய நிர்வாகமும் மாநிலத்தின் அதிகாரம் என்று கூட்டரசு அரசியலமைப்பு வகுத்திருப்பதால், கோயில் விவகாரம் எப்போதுமே மாநில அரசின் மேசைக்குப் போய்ச் சேரும், அங்கே அது சமய விவகாரமாக மாறிவிடும். 2007ல் பாடாங் ஜாவாவில் கோயில் உடைபட்டது, அந்த நவம்பரில் இந்து உரிமை கேட்ட ஹிண்ட்ராப் அமைப்பின் பேரணி. 2009ல் ஷா ஆலாமில் கோயில் இடமாற்றத்தை எதிர்த்து அறுத்த மாட்டுத் தலையோடு ஊர்வலம். 2018ல் சுபாங் ஜெயா சீபீல்டு கோயில் கலவரம், காயமடைந்த தீயணைப்பு வீரர் முகமது அடிப் அடுத்த மாதம் இறந்துபோனார். சீபீல்டு என்பதே ஒரு பழைய தோட்டத்தின் பெயர். இவை மதச் சண்டையாகத்தான் செய்தியில் வந்தன. எனக்கென்னவோ அடியில் இருப்பது கிராண்ட் இல்லாத நிலம்.

பெருந்தன்மைக்கு இன்னொரு எடுத்துக்காட்டு எங்கள் கெடாவிலேயே இருக்கிறது. தைப்பூசம் இங்கே அரசிதழில் ஏறிய நிரந்தர விடுமுறையாக இருக்கவில்லை, மாநில அரசு ஆண்டுக்காண்டு அறிவிக்கிற சிறப்பு விடுமுறையாக இருந்தது. 2021ல் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அறிவிக்கவில்லை. பெரிய சலசலப்பு ஆனது. அறிவிக்காதது தப்பா சரியா என்று ஊரே விவாதித்தது, ஆனால் ஒருவர் அறிவித்தால்தான் உண்டு என்கிற ஏற்பாட்டைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

நவீன இஸ்லாமிய மனிதநேயர்கள் தொடுகிற புள்ளி இதுதான். அண்டை நாட்டிலேயே பார்க்கலாம். இந்தோனேசியாவின் நஹ்தத்துல் உலமா 1926ல் தொடங்கிய, உலகத்திலேயே மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புகளில் ஒன்று. கிராமத்து மதரசாக்களை வைத்து வளர்ந்தது, மேல்நாட்டுச் சட்டை போட்டவர்கள் கூட்டம் இல்லை. அதன் தலைவராக இருந்த அப்துர்ரஹ்மான் வாஹிட், எல்லாரும் குஸ் டுர் என்று கூப்பிடுவார்கள், கண் பார்வை ஏறக்குறைய போன நிலையில் 1999ல் அதிபரானார். அடுத்த ஆண்டு, சீனர்கள் பொதுவில் தங்கள் பண்டிகைகளைக் கொண்டாட 1967லிருந்து இருந்த தடையை ரத்து செய்தார். 2019ல் மேற்கு ஜாவாவின் பஞ்சாரில் நடந்த அதே அமைப்பின் உலமா மாநாடு ஒரு முடிவெடுத்தது: தேசிய அரசில் முஸ்லிம் அல்லாதவரைக் 'காஃபிர்' என்று அழைக்க வேண்டாம், அவர்கள் 'முவாத்தின்', அதாவது குடிமக்கள். இறையியலில் காஃபிர் என்ற சொல் இருக்கிறது, அதை அழிக்கவில்லை. அடையாள அட்டையை நீட்டும் இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை என்றார்கள், அவ்வளவுதான். திம்மியிலிருந்து முவாத்தினுக்கு வருவதற்குள் எத்தனை நூற்றாண்டு.

இந்தோனேசியாவைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2017ல் ஜகார்த்தாவின் கிறிஸ்தவ ஆளுநர் ஆஹோக், குர்ஆன் வசனம் ஒன்றைப் பற்றிப் பேசியதற்காக மதநிந்தனைக் குற்றத்தில் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். நல்ல உலமா இருந்தால் போதாது, சட்டமும் கூட்டமும் ஒத்துழைக்க வேண்டும்.

சூடானில் பிறந்த அப்துல்லாஹி அன்நயீம் என்ற சட்ட அறிஞர் சொல்லும் வாதம் எனக்கு நீண்ட நாள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. தான் மனமார முஸ்லிமாக இருப்பதற்கே சமயச்சார்பற்ற அரசு வேண்டும் என்கிறார். அரசாங்கம் பயமுறுத்தி நோன்பு பிடிக்கவைத்தால் அது நோன்பே இல்லை, பசி. ஆகவே அரசு சமயத்தில் நடுநிலையாக இருக்கட்டும், முஸ்லிம்கள் தங்கள் அறத்தை மற்ற குடிமக்களைப் போல அரசியலில் வாதாடி வெல்லட்டும், அந்த வாதத்தை எல்லா மதத்தாருக்கும் புரிகிற காரணங்களால் சொல்லட்டும் என்பது அவர் நிலை. நம்மைக் காப்பாற்றுவதற்காக அவர் இதைச் சொல்லவில்லை, தன் மார்க்கத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார். அதனால்தான் அதற்கு எடை அதிகம்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்லாமல் விட முடியாது. சந்திரா முசாபர் 1947ல் இதே பீடோங்கில் இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர், பின்னால் இஸ்லாத்தை ஏற்றவர். 1977ல் பினாங்கில் 'அலிரான்' என்ற சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர், 1987ல் லாலாங் நடவடிக்கை என்ற கூட்டுக் கைதில் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர். இஸ்லாத்தின் அடிப்படை நீதி, அது இனம் பார்க்காது என்று பல பத்தாண்டுகளாக எழுதுகிறவர். அவருடைய அரசியல் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் செம்மண் சாலையும் பால் வாடையுமாக இருந்த ஊரிலிருந்து அப்படி ஒருவர் வந்தார் என்பதை எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அறிய மாட்டார்கள்.

அரசியலமைப்பைப் பார்ப்போம். மூன்றாவது பிரிவு, இஸ்லாம் கூட்டரசின் மதம், மற்ற மதங்களை அமைதியாகவும் இணக்கமாகவும் பின்பற்றலாம் என்கிறது. பதினொன்றாவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைப் பின்பற்ற உரிமை கொடுக்கிறது, முஸ்லிம்களிடையே பிற மதப் பிரசாரத்தை மட்டும் மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம். இந்த மூன்றாவது பிரிவு வந்த கதை சுவையானது. 1957ல் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம் அறிக்கை கொடுத்தபோது பெரும்பான்மை உறுப்பினர்கள் இப்படி ஒரு பிரிவைப் பரிந்துரைக்கவில்லை. மலாய் ஆட்சியாளர்கள் தரப்பே வேண்டாம் என்றது, சமயத் தலைமை அவரவர் மாநிலத்தில் அவர்களிடம் இருந்ததால். பாகிஸ்தானிலிருந்து வந்த நீதிபதி அப்துல் ஹமீது மட்டும் இதைச் சேர்க்கலாம், யாருக்கும் கெடுதல் இல்லை என்று தனிக் குறிப்பு எழுதினார். அப்போது ஆட்சியில் இருந்த கூட்டணிக் கட்சியின் கோரிக்கையிலோ, இது முஸ்லிம் அல்லாதவருக்கு எந்தக் குறையும் வைக்காது, நாடு சமயச்சார்பற்றது என்பதை மறுக்காது என்று தெளிவாக இருந்தது. அலோர்ஸ்டாரில் பிறந்த நம் கெடாக்காரர், முதல் பிரதமர் துங்கு 1983ல் தன் எண்பதாவது பிறந்தநாளில் கூட, இதை இஸ்லாமிய நாடாக ஆக்காதீர்கள் என்று சொன்னார். 2001ல் அப்போதைய பிரதமர் மகாதீர், மலேசியா இஸ்லாமிய நாடுதான் என்று அறிவித்தார். ஒரே ஏடு, ஆளுக்கொரு வாசிப்பு.

1988 ஒரு வினோதமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் தலைமை நீதிபதி சாலே அபாஸ், சே ஒமார் வழக்கில், மூன்றாவது பிரிவில் வரும் இஸ்லாம் சடங்குகளையும் தனிநபர் சட்டத்தையும் குறிக்கும், நாட்டின் சட்டம் சமயச்சார்பற்றது என்று தீர்ப்பெழுதினார். அதே ஆண்டில்தான் அரசியலமைப்பில் 121(1ஏ) என்ற திருத்தம் வந்து, ஷரியா நீதிமன்றத்துக்கு உட்பட்ட விஷயத்தில் சிவில் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று ஆக்கியது. அதற்குப் பிறகு ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் மதம் மாறினால் மற்றவர் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் போனது.

ஈப்போவின் பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தி அப்படி நின்றவர். 2009ல் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றி, பதினோரு மாதக் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளைகள் யாரும் அங்கே நேரில் கூட இல்லை, பிறப்புச் சான்றிதழ்கள் போதுமானதாக இருந்தன. ஒன்பது ஆண்டு வழக்காடி, 2018 ஜனவரி 29ல் கூட்டரசு நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை மதம் மாற்றத் தாய் தந்தை இருவர் சம்மதமும் வேண்டும். அந்த அமர்வில் ஐவரில் நால்வர் முஸ்லிம்கள், தீர்ப்பை எழுதியவர் சைனுன் அலி. என்னைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு இஸ்லாமிய மனிதநேயத்தின் ஓர் ஆவணம், அதில் அந்தச் சொல் எங்கேயும் வராவிட்டாலும். ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் அந்தத் தாய் கடைசிக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

முஸ்லிம்களுக்குள்ளேயே இந்த இழுபறி நடக்கிறது என்பதை நம்மவர்கள் பலர் கவனிப்பதில்லை. சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் என்ற பெண்கள் அமைப்பைத் தாராளவாதம், மதப்பன்மைக் கொள்கை என்று சொல்லி 2014ல் சிலாங்கூர் ஃபத்வா வழிதவறியதாக அறிவித்தது. பதினோரு ஆண்டு கழித்து கூட்டரசு நீதிமன்றம், நிறுவனம் ஒன்று மதத்தைப் பின்பற்ற முடியாது, ஆகவே ஃபத்வா அதைக் கட்டுப்படுத்தாது என்றது. உள்ளே இருந்து கேள்வி கேட்கிறவர்களுக்கு நம்மைவிட அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் 'அவங்க எல்லாரும் ஒண்ணுதான்' என்று மாமாக் (தமிழ் முஸ்லிம் உணவுக்) கடையில் உட்கார்ந்து பேச வாய் வராது.

நம் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். எங்கள் தோட்டத்தில் மேல் லயத்துக் கோயில், கீழ் லயத்துக் கோயில் என்று இரண்டு இருந்தன. ஏன் இரண்டு என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். உங்களுக்கும் புரிந்திருக்கும். மதம் மாறிப் போன பிள்ளையைச் சாவு வீட்டுக்குக் கூட வராதே என்று சொன்ன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பன்மைத்தன்மை அடுத்தவன் கொடுக்க வேண்டியது என்று மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம்.

இன்னொரு பழக்கம், பழைய காலத்தைச் சொல்லி ஏங்குவது. என் பாட்டி எனக்கு உடம்பு சரியில்லை என்றால் பஸ் பிடித்து பட்டர்வொர்த் போய், ஃபெரி படகு ஏறி, பினாங்கு சூலியா தெரு நாகூர் தர்காவில் ஓதிய கறுப்புக் கயிறு வாங்கி வந்து கட்டுவார். அவருக்கு நாகூர் ஆண்டவரும் ஒரு சாமி. தமிழ்நாட்டு நாகூரிலேயே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் மினாரா கட்டிக் கொடுத்திருக்கிறார், அந்த மரபு கடல் தாண்டி வந்தது. அழகான மரபு, மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு முஸ்லிம் இளைஞர் தர்கா வழிபாடு தன் மார்க்கத்தில் இல்லை என்று சொன்னால், உடனே அவரைத் தீவிரவாதி மாதிரி பார்க்கிறோம். நம்மோடு சேர்ந்து கயிறு கட்டினால்தான் நல்லவர் என்று நாம் எதிர்பார்ப்பதும் ஒரு விதக் கட்டாயம்தான்.

இதை நான் புரிந்துகொண்டது பாயின் மகனிடம். பாய் போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. மகன் வெளியூரில் சமயக் கல்வி படித்துவிட்டு வந்து கடையை எடுத்துக்கொண்டார். தாடி, கணுக்காலுக்கு மேல் கால்சட்டை, பேச்சில் மரியாதை. முதல் வருடம் திருவிழாவுக்கு வழக்கம்போல் எங்கள் கமிட்டி ஆள் போனபோது, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, வாப்பா செஞ்சது வாப்பாவோட. வேற மத வழிபாட்டு நிகழ்ச்சிக்கு நான் கொடுக்கறதுக்கு என் மனசு ஒத்துக்கல. சாதாரண நாள்ல பசிச்ச வீடு எதுன்னு சொல்லுங்க, அரிசி அனுப்பறேன்" என்றார். அந்த வெங்காயம் வராத வருடம் ஊரே பேசியது. நானும் பேசினேன். அப்பா எப்படி, மகன் எப்படி, காலம் கெட்டுப்போச்சு என்று.

அப்புறம் தோட்டம் விற்றுப்போனது. கோயிலைத் தாமானுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு மாற்ற வேண்டிய நிலை. இந்தத் தடவை வாய்ச்சொல் வேண்டாம், முறையாக நிலம் ஒதுக்கி எழுத்தில் கொடுங்கள் என்று மனு எழுதினோம். அலுவலகத்தில், சுற்றியுள்ள குடியிருப்பாளர்கள் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார்கள். தாமானில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்கள். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கத் தைரியம் வராமல் சுற்றினோம்.

நான்காவது நாள் பாயின் மகனே கூப்பிட்டனுப்பினார். கடைக் கல்லாவில் அந்தத் தாளை விரித்து வைத்து முழுதாகப் படித்தார், ஒரு இடத்தில் பரப்பளவு தப்பாக இருந்ததைக் காட்டித் திருத்தச் சொன்னார். "உங்க கும்பிடு எனக்குச் சரின்னு படலை, அது வேற. ஆனா நீங்க வரி கட்டுறீங்க, இந்த ஊர்ல பொறந்தீங்க. இதுக்கு நான் நல்லவனா இருக்கணும்னு அவசியமே இல்லையே" என்றார். அப்புறம் தாளை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு இஷா தொழுகை முடிந்த நேரம் பார்த்து சூராவுக்குப் போனார். நான் வெளியே மோட்டாரிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, ஒரு முறை குரல் உயர்ந்தது மட்டும் கேட்டது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். இருபத்திரண்டு கையெழுத்து. இரண்டு பேர் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம், அவர்கள் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை.

கோப்பு இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. போன தீமிதிக்கும் வெங்காயம் நாங்கள் காசு கொடுத்துத்தான் வாங்கினோம், அவர் கடையிலேயே. மிச்சச் சில்லறையைக் கூட எண்ணித்தான் கொடுத்தார்.